பறி இல்லாமல் நின்றவள்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு துண்டு நிரலை அனுப்பியிருந்தார். பெயர் வேண்டாம், கெட்டிக்காரப் பிள்ளை. நான் வேலையை விட்டு வந்த பிறகும் என்னை விடுவதாக இல்லை. இன்டரப்ட்டை மூடித் திறக்கிற இடத்தில், திறந்த உடனே மூன்று வரிகள் வருகின்றன, அதற்கு ஆங்கிலத்தில் நாலெழுத்தில் 'அங்கா' என்று பெயர் வைத்திருக்கிறது, அது எதன் சுருக்கம் என்று கேட்டிருந்தார். கூடவே, "இது வேஸ்ட் சார், தூக்கிடலாமா?" என்றும்.

எதன் சுருக்கமும் இல்லை. ஒரு பெண்ணின் பெயரில் பாதி. தூக்காதீர்கள்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். அலுப்பாக இருக்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் இன்டரப்ட் என்றால் என்ன என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சொன்னதெல்லாம் பாதி உண்மைதான். மீதிப் பாதியை யாருக்கும் சொன்னதில்லை. அதனால் ஒரே தடவை எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்துநாலு வயது. காலேஜில் நல்ல மார்க், என் செட்டில் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பைக் கையால் தொட்ட முதல் ஆள், அந்தத் திமிர் நடையிலேயே தெரியும். அன்றைக்கு நிரலை மாற்றுவது உங்களைப் போல பட்டனைத் தட்டுகிற வேலை கிடையாது. சிப்பின் முதுகில் சின்ன கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதைப் புறஊதா விளக்குக்கு அடியில் வைத்துப் பழையதை அழித்து, மறுபடி எழுத வேண்டும். விளக்கு சென்னையில். நான் வேலை பார்த்தது பழவேற்காட்டில். ஒரு தப்பைத் திருத்த பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயில், விளக்கு, திரும்ப ரயில், பஸ். ஒரு வரி மாற்ற ஒரு நாள்.

வேலை இதுதான். ஏரிக்கரையில், தோணிரேவுக்குத் தெற்கே ஒரு குடியிருப்பு. தலைமுறை தலைமுறையாக ஏரியில் வலை இல்லாமல் வெறுங்கையால் இறால் பிடிக்கிற குடும்பங்கள். தண்ணீர் வற்றும்போது பெண்கள் ஒரு ஓடையைக் கடந்து, ஏரிக்குள் இருக்கிற சேற்று மேட்டுக்குப் போவார்கள். வற்றின நேரத்தில் ஓடை இடுப்பளவு. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறத் தொடங்கினால் மேடு மெதுவாகத்தான் மூழ்கும், ஓடை மட்டும் சட்டென்று ஆழமாகி இழுக்க ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் கரைக்கு வந்துவிட வேண்டும். வராதவர்களும் இருந்திருக்கிறார்கள். ஓடைக் கரையில் ஒரு பெட்டி வைத்து, தண்ணீர் ஒரு அளவைத் தொட்டதும் லாரி ஹாரன் ஊதுகிற மாதிரி செய்ய வேண்டும் என்று எங்கள் நிறுவனம் என்னை அனுப்பியது.

அவர்கள் பிடிக்கிற விதத்தை முதல் நாள் பார்த்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்வார்கள். பனையோலையில் முடைந்த பறி என்கிற கூடையை அதன் விளிம்போடு பல்லால் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் அடியில் சேற்றைத் துழாவிக்கொண்டே போகும். விரலில் இறால் பட்டதும் கை மூடும், மேலே வரும், பறிக்குள் போடும், விட்ட இடத்துக்கே திரும்பிப் போகும். கண் அந்தப் பக்கம் போகவே போகாது. எத்தனை பிடித்தோம் என்று எண்ணுவதில்லை, பெரிதா சின்னதா என்று பார்ப்பதில்லை. அதெல்லாம் கரையில்.

பிற்பாடு நான் உங்களுக்கெல்லாம் போர்டில் எழுதிக் காட்டின இன்டரப்ட் பாடம் இதுதான். செய்கிற வேலையை விடு, விட்ட இடத்தை ஞாபகம் வை, கூப்பிட்ட காரியத்தைச் சுருக்கமாக முடி, திரும்பிப் போ. பறியை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

பறி வாயில் இருந்தால் பேச முடியாது. கத்தவும் முடியாது. தலை குனிந்தே இருக்கும், ஓடை எப்படி இருக்கிறது என்று தெரியாது. அதனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எட்டுப் பேர் போனால் ஏழு பேர்தான் பிடிப்பார்கள். ஒருத்தி பறி இல்லாமல் மேட்டின் விளிம்பில் நின்று ஓடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் திரும்பியதும் குரல் கொடுப்பாள். கரைக்கு வந்ததும் ஏழு பேரும் ஆளுக்கு ஒரு கை இறாலை அவள் மடியில் போடுவார்கள். அதுதான் அவள் பங்கு.

நான் போனபோது அப்படி நின்றவள் அங்கம்மா. முப்பது வயது இருக்கும். படகு விளிம்பில் விழுந்து முன்பல் நாலும் போய்விட்டது, பறியைக் கடிக்க முடியாது. ஆனால் அவள் வாயைப் போல ஒரு வாயை நான் பார்த்ததில்லை. மேட்டிலிருந்து கத்தினால் கரையில் காயப்போட்ட கருவாட்டைக் கொத்துகிற காக்கை பறக்கும். என்னை அவள் கூப்பிட்டது 'பொட்டி சாரு'.

கூட்டத்துக்குத் தலைவி நாகம்மா. நடுவயது, கறாரான பெண், ஆண்பிள்ளைகள் எல்லாரையும் 'நைனா' என்பாள். பெட்டியை நட்ட அன்று பெண்களை உட்கார வைத்து நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். ஓடையில் நட்ட குழாய்க்குள் ஒரு மிதவை இருக்கிறது, தண்ணீர் ஏறினால் அது மேலே வந்து ஒரு தொடர்பை மூடும், சிப் உடனே விழிக்கும், ஹாரன் ஊதும் என்று. நாகம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது தூங்காதா என்றாள். தூங்காது என்றேன். பசிக்காதா என்றாள். பேட்டரி போதும் என்றேன்.

"அப்போ எந்த மாமியாருக்கும் புடிக்கிற மருமவதான்," என்றாள் அங்கம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்: இனிமேல் ஒருத்தி சும்மா நிற்பது எதற்கு, அந்த இரண்டு கையும் வீண்தானே, எட்டுப் பேருமே பிடிக்கலாமே என்று. அதை நான் சொல்லியிருக்கவே வேண்டாம். என்னை யாரும் கேட்கவில்லை. ஹாரன் வைக்க அனுப்பினார்கள், வைத்துவிட்டு வந்திருக்கலாம். அங்கம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பொட்டி ஒரு நாளு கத்தலன்னா?"

"கத்தும்."

"உன் பொட்டிக்கு வாயி மட்டுந்தான் கீது சார். எனக்குப் பல்லு மட்டுந்தான் இல்ல," என்றாள்.

பதினைந்து நாளில் அவள் பங்கு நின்றது. யாரும் கெட்ட எண்ணத்தில் நிறுத்தவில்லை. நிற்காதவளுக்கு எதற்குப் பங்கு? அவள் ஒரு பறியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பிடிக்கப் போனாள். கழுத்தில் தொங்கும் பறி ஆழத்தில் மிதந்து கவிழும், பிடித்ததெல்லாம் கொட்டிவிடும். அதனால் ஆழம் குறைந்த விளிம்பிலேயே, ஓடைக்குப் பக்கத்தில் துழாவுவாள். அங்கே இறால் குறைவு. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. மிதவைக் குழாயில் சிப்பி ஒட்டாமல் வாரம் இரண்டு முறை தேய்த்துக் கழுவுகிற வேலையை நிறுவனத்தில் சொல்லி அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நிரலுக்கு வருகிறேன். பெட்டி முதலில் அளவுக்கு மீறிக் கத்தியது. படகு போனால் அலை, காற்றடித்தால் அலை, அலை அடித்தால் மிதவை ஆடும், ஆடினால் ஹாரன். பெண்கள் பாதி வேலையில் ஓடி வருவார்கள், ஓடை இடுப்பளவைத் தாண்டியிருக்காது. "யாருக்குடி சங்கு ஊதுது இது, ரொம்ப பேஜாரா கீது," என்று திட்டுவார்கள். நான் சென்னைக்குப் போய் புத்திசாலித்தனமாக ஒன்று எழுதி வந்தேன். மிதவை கூப்பிட்டால் உடனே ஊதாதே, இருபது விநாடி பொறுத்துப் பார். மிதவை மேலேயே நின்றால் ஊது. கீழே போய்விட்டால் அது வெறும் அலை. அலை என்றால் தொடர்ந்து வரும், ஆகவே பத்து நிமிடம் இன்டரப்ட்டை மூடிவை, அப்புறம் திற.

சிப்புக்குள் ஒரு குறிப்பு உண்டு, உங்களுக்குத் தெரியும். இன்டரப்ட்டை மூடி வைத்திருந்தாலும், அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் 'கூப்பிட்டார்கள்' என்று ஒரே ஒரு அடையாளம் பதிந்துவிடும். திறந்ததும் அதைப் பார்த்து ஓடும். இந்தப் பத்து நிமிடத்தில் பதிவதெல்லாம் அலைக் குப்பைதானே என்று, திறப்பதற்கு முன்னால் அந்த அடையாளத்தைத் துடைக்க ஒரு வரி சேர்த்தேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அந்த வரியை எழுதினபோது நான் விசில் அடித்தேன் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு பொய்ச் சத்தம் நின்றது. எல்லாருக்கும் பெட்டி மேல் நம்பிக்கை வந்தது.

மழைக்காலம் முடிந்து முகத்துவாரம் அகலமாகத் திறந்து கிடந்த சமயம், அமாவாசையை ஒட்டிய ஒரு காலை. எங்கள் டைரக்டர் பெட்டியைப் பார்க்க வெளியூர் விருந்தினர் இரண்டு பேரோடு விசைப்படகில் வந்தார். பெண்கள் எட்டுப் பேரும் மேட்டில் இருந்தார்கள். படகு ஓடைக்குள் நுழைந்து குழாயை உரசுகிற மாதிரி திரும்பி நின்றது. அலை எழுந்து மிதவையைத் தூக்கிப் போட்டிருக்கும். சிப் இருபது விநாடி பார்த்திருக்கும், அலைதான் என்று முடிவு கட்டியிருக்கும், பத்து நிமிடத்துக்குக் கண்ணை மூடியிருக்கும். எழுதி வைத்தபடி எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் தண்ணீர் குறியைத் தாண்டிவிட்டது.

நான் விருந்தினர்களுக்குப் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். சின்ன சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. அது மின்னினால் சிப் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பத்தடி தள்ளி, ஓடையில் கோடு போட்ட அளவுகோல் நட்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எப்போது ஊதும் என்று டைரக்டர் கேட்டார். தண்ணீர் குறியைத் தொட்டதும் ஊதும் சார் என்றேன். ஊதவில்லை என்றால் தொடவில்லை என்று அர்த்தம், இல்லையா?

அப்போதுதான் அங்கம்மாவின் குரல் கேட்டது. மேட்டின் விளிம்பில் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து வந்த தென்காற்று பாதியைப் பிடுங்கிக்கொண்டு போனது. தண்ணி, தண்ணி என்பது மட்டும் புரிந்தது. மற்றவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும். நாகம்மா தலையைத் தூக்கினாள், கரையில் இருந்த பெட்டிப் பக்கம் பார்த்தாள், ஹாரன் ஊதவில்லை, கையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்தாள்.

என்ன கத்துகிறாள் என்று டைரக்டர் கேட்டார். நான் சொன்ன பதிலை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும்.

"அது ஒண்ணுமில்ல சார். முன்னாடி காவல் நின்ன லேடி. அந்த வேலை போன கோவம்."

இதைச் சொல்லிவிட்டு நான் பெட்டியைக் குனிந்து பார்த்தேன். ஆமாம், பெட்டியைத்தான். விளக்கு மின்னியது. இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தேன். மீட்டரை எடுத்து பேட்டரியை அளந்தேன், சரியாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு ஆள் குனிந்து பேட்டரியை அளந்து நிமிர்கிற நேரம்.

நிமிர்ந்தபோது அங்கம்மா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நாகம்மாவிடம் போயிருந்தாள். அவள் வாயிலிருந்த பறியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து எறிந்தாள். காலையிலிருந்து பிடித்த இறால் மொத்தமும் ஏரிக்குள் போனது. நாகம்மாவின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அடிக்கக் கை ஓங்கியவள் அங்கம்மாவின் தோளுக்குப் பின்னால் ஓடையைப் பார்த்துவிட்டாள். வாயில் இப்போது பறி இல்லை. இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.

எட்டுப் பேரும் முந்தானைகளை ஒன்றோடொன்று முடிந்துகொண்டு ஓடையில் இறங்கினார்கள். தண்ணீர் கழுத்துக்கு வந்தது, குட்டையாக இருந்தவளுக்கு மூக்குக்கு. நடுவில் வரிசை வளைந்து பின்வாங்கியது. படகுக்காரர் யாரையும் கேட்காமல் கயிற்றை வீசினார். முன்னால் வந்த நாகம்மா அதைப் பிடித்தாள். கடைசியாக வந்தவள் அங்கம்மா. அந்தக் கயிறு வரவில்லையென்றால் என்ன என்பதை நான் நிறைய தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், உங்களுக்கும் அதைக் கொடுக்க வேண்டாம்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஹாரன் கம்பியைப் பிடுங்கி நேராக பேட்டரியில் வைத்தேன். பிரமாதமாக ஊதியது. எட்டுப் பேரும் கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டியது. நிரலில் தப்பு வருவது யாருக்கும் நடக்கும்.

ஏன் ஊதவில்லை என்று டைரக்டர் கேட்டார். விருந்தினர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நான் குழாயைப் பிடுங்கி வெளியே எடுத்தேன். கொஞ்சம் சிப்பி ஒட்டியிருந்தது.

"சிப்பி ஒட்டியிருக்கு சார்," என்றேன்.

பொய்யில்லை. ஒட்டித்தான் இருந்தது, குழாயின் வெளிப்புறத்தில். உட்புறம் வழவழவென்று தேய்த்துக் கழுவியிருந்தது, மிதவை தாராளமாக ஏறி இறங்கியது. என் விரல் அதை உணர்ந்தது. கழுவுவது யார் பொறுப்பு என்று டைரக்டர் கேட்டார். நான் அங்கம்மா பக்கம் பார்த்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். அவர் பெயரைக் கேட்டு, தாளில் எழுதிக்கொண்டு படகில் ஏறினார்.

படகுக்காரர் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் குடியிருப்புக்கே தெரிந்துவிட்டது. காவல் வேலை போன ஆத்திரத்தில் அவள் வேண்டுமென்றே குழாயைக் கழுவவில்லை, பெட்டி ஊமையாகட்டும் என்று விட்டுவிட்டாள் என்று பேச்சு. அவள்தானே பறியைப் பிடுங்கிக் காப்பாற்றினாள் என்று யாரோ சொன்னதற்கு, அவளுக்குத்தானே முன்கூட்டியே தெரியும் என்று பதில் வந்ததாம். நாகம்மா, கிழிந்த உதட்டோடு, இனி எங்களோடு தண்ணீரில் இறங்காதே என்று சொல்லிவிட்டாள். அந்த மேட்டுக்குத் தனியாக யாரும் போவதில்லை, போகவும் முடியாது. கூட்டத்தை விட்டு விலக்கினால் அவளுக்கு ஏரியையே மூடின மாதிரி.

பழவேற்காட்டில் பாய் ஒருவர் வீட்டு மாடியில் எனக்கு அறை. மறுநாள் முழுக்க அங்கே உட்கார்ந்து, ஒரு வாளித் தண்ணீரில் அதே குழாயையும் பெட்டியையும் வைத்துப் பார்த்தேன். மிதவையை நேராகத் தூக்கினால் ஊதியது. ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பத்து நிமிடத்துக்குள் தண்ணீர் ஊற்றித் தூக்கினால் ஊதவில்லை. அரை மணி ஆனாலும் ஊதவில்லை. வாளி நிரம்பி வழிந்தாலும் ஊதவில்லை. நான்கு தடவை செய்தேன். சத்தம் கேட்டு முதலில் மேலே வந்த பாய், சத்தம் கேட்காததால் இன்னொரு தடவை வந்தார்.

தாளில் பார்த்தால் குழந்தைக்குக்கூடப் புரியும். என் சிப், மாற்றத்தைத்தான் கவனிக்கும். மிதவை கீழேயிருந்து மேலே வருகிற அந்த ஒரு கணம்தான் அதற்குக் கூப்பிடுதல். கண்ணை மூடியிருந்தபோது அந்தக் கணம் வந்தது. அடையாளமும் பதிந்தது. நான் துடைத்துவிட்டுக் கண்ணைத் திறக்கச் சொன்னேன். திறந்து பார்த்தால் மிதவை ஏற்கெனவே மேலே. இனி மாற்றம் எங்கிருந்து வரும்? தண்ணீர் கழுத்தளவு நிற்கிறது, சிப் மாற்றத்துக்காகக் காத்திருக்கிறது, சிவப்பு விளக்கு மின்னுகிறது.

அன்று சாயங்காலமே பஸ் பிடித்துப் போய் டைரக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு நாள் அந்த அறையிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் காலை வாளியையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு குடியிருப்புக்குப் போனேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். பெண்களிடம் சொல்வது டைரக்டரிடம் சொல்வதைவிடச் சுலபமாகப் பட்டது, அவ்வளவுதான்.

நாகம்மா வீட்டு வாசலில் வைத்து எல்லாரும் பார்க்கச் செய்து காட்டினேன். மிதவையைத் தட்டினேன், தண்ணீர் ஊற்றினேன். நாங்கள் எல்லாரும் ஊமைப் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். அங்கம்மாவைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தேன், அவள் எட்டத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாய் சுத்தமாகத்தான் இருந்தது, தப்பு நான் எழுதினதில், அன்றைக்கே குழாயைத் தொட்டபோது எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

நாகம்மா வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"தண்ணி ஏறினது அதுக்குத் தெரியுமா தெரியாதா நைனா?"

"தெரிஞ்சுது. குறிச்சும் வச்சுது. நான்தான் அழிக்கச் சொல்லியிருந்தேன்."

"ஏன் அப்படி?"

அலை என்று நினைத்தேன் என்றேன். யாரோ ஒருத்தி தரையில் துப்பினாள். என் மேல் படவில்லை.

வேலிப் பக்கமிருந்து அங்கம்மா சொன்னாள்: "கண்ணத் தொறந்ததும் யாருனா கூப்ட்டாங்களானு ஏன் சார் தேடிகினு கீது அது? தண்ணி எதிர்லயே நிக்குது இல்ல. மொதல்ல அத்தப் பாக்க சொல்லு."

மூன்று வரிகளும் அதுதான். மிதவையின் கம்பி வந்து சேர்கிற முனையைப் பார். மிதவை கீழே இருந்தால் உன் வேலையைப் பார்க்கப் போ. மேலே இருந்தால், யாரும் கூப்பிடாவிட்டாலும் நீயே கூப்பிட்டுக்கொள். நீங்கள் வேஸ்ட் என்று சொன்னது இதைத்தான். ஆயிரத்தில் ஒரு தடவைகூட அந்த மூன்றாவது வரி ஓடாது, ஒத்துக்கொள்கிறேன்.

நாகம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, அங்கம்மா பக்கம் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்குக் காலைல தண்ணி வத்தும். வந்துடு." உள்ளே போகப் போனவள் நின்றாள். "பறி எடுத்தாராத."

அதற்கு மேல் அந்தக் குடியிருப்பில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் சென்னைக்குப் போய் விளக்கில் அழித்து, மூன்று வரி சேர்த்து, திரும்பி வந்து பொருத்தினேன். பொருத்தின அன்று கரையில் நின்று பார்த்தேன், இந்தத் தடவை அளவுகோலைப் பார்த்துக்கொண்டு. மேட்டில் ஏழு தலை குனிந்திருந்தது, ஒருத்தி நின்றாள். ஹாரன் ஊதியது. அவள் கை அதற்கு முன்னாலேயே உயர்ந்திருந்தது. கரைக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு கை இறாலை மடியில் போட்டார்கள். நாகம்மா போட்டது இரண்டு கை.

பெட்டியை மூடி நான் கிளம்பும்போது அங்கம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரிய சாரு பேப்பர்ல என் பேரு எழுதிகினு போனாரே. அத்த இன்னா பண்ண?"

"மாத்தி எழுதிட்றேன்க்கா."

"எழுதிட்டு சொல்லு."

நான் மாற்றவில்லை. அந்த மாதம் என் வேலை நிரந்தரமானது. டைரக்டரிடம் நிரலைக் கொஞ்சம் மேம்படுத்தியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன், நல்லது என்றார். உள்ளூர்ப் பணியாளர் குழாயைச் சுத்தம் செய்யாததே காரணம் என்று பெயரோடு தட்டச்சு செய்த அறிக்கை கோப்புக்குள் போனது. அதற்குப் பதிலாக நான் செய்ததெல்லாம், எழுதின ஒவ்வொரு நிரலிலும் அந்த மூன்று வரிக்கு அவள் பெயரில் பாதியை வைத்தது. யாருக்கும் புரியாத இடத்தில், நாலெழுத்தில். இத்தனை வருஷமாக அதையே மன்னிப்பாக எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் வேஸ்ட் என்று கேட்ட பிறகுதான் அந்தப் பெயர் எவ்வளவு மட்டமான மன்னிப்பு என்று தெரிந்தது.

ஆகவே: குழாய் சுத்தமாக இருந்தது. அங்கம்மா அதைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். ஹாரன் ஊதாததற்குக் காரணம் நான் எழுதின ஒரு வரி. எட்டுப் பேரும் கரைக்கு வந்ததற்குக் காரணம் அவள். இதன் ஒரு நகலைப் பழைய நிறுவனத்துக்கும் அனுப்புகிறேன், அந்தக் கோப்பு இன்னும் இருந்தால் அதில் வைக்கட்டும்.

நாளைக்குக் காலையில் பொன்னேரிக்கு ரயில் ஏறலாம் என்று இருக்கிறேன். அவள் இருக்கிறாளா, எங்கே இருக்கிறாள், ஒன்றும் தெரியாது. எழுதிட்டு சொல்லு என்றாள். எழுதிவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.